முட்டை ஓட்டை எங்கே போடுவது

அடுப்பில் போட்டால் எரியாது.
கறுக்கும், அவ்வளவுதான்.
சாம்பலைக் கிளறினால் முட்டை ஓடாகவே கிடக்கும்.
குப்பையைச் செவ்வாய்தோறும் கமிட்டி ஆள் கிண்டுகிறான்,
கையுறை மாட்டிக்கொண்டு, டாக்டரைப் போல.
ஆற்றில் விடலாம் என்றாள் நாத்தனார் மரூகா.
விட்டாள். மிதந்தது.
சிவப்புச் சிவப்பாக, பாலத்தின் அடியில்,
சிப்பாய் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற பக்கமாக.

ஷ்கோடர் நகரம். அறுபத்தொன்பதாம் வருஷம்.
கோயில் கதவுகளைப் பூட்டி இரண்டு வருஷமாயிற்று.
பூட்டிய கதவை மறுபடி திறந்தது வாலிபால் ஆட.
பீடம் இருந்த சுவரில் பந்து மோதுவது
துணி காயப்போடும்போது கேட்கும்.
முதலில் ஒவ்வொரு அடிக்கும் வயிறு சுருண்டது.
பிறகு எண்ணத் தொடங்கினேன்,
பத்துப் பத்தாக, உதடு அசையாமல்.
ஜெபமாலையைப் பிடுங்கிப் போனவர்கள்
மணி மணியாகத் திருப்பித் தந்துகொண்டிருந்தார்கள்.

என் புருஷன் பாஷ்க் தாமிரச் சுரங்கத்தில்.
அவன் பெயருக்கே எங்கள் மொழியில் பாஸ்கா என்றுதான் பொருள்.
செய்த குற்றம் ஒரு காபிக் கோப்பைத் தண்ணீர்.
அடுத்த தெருவில் கைக்குழந்தை சாகக் கிடந்தது.
சாமியார் யாரும் வெளியில் இல்லை.
இவன் போய் நெற்றியில் மூன்று முறை சாய்த்தான்.
குழந்தை பிழைத்துக்கொண்டது.
செத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.
எட்டு வருஷம்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்:
"இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால்தான் என்ன?"
ஆமாம், நான்தான் கேட்டேன்.
வேதசாட்சிகளின் பெண்டாட்டிகள் கேட்டதையெல்லாம்
யார் எழுதி வைக்கிறார்கள்?
அவன் கோபப்படவில்லை.
நகக்கண்ணில் பச்சை ஏறிய கையைப் பார்த்தான்.
"இந்த வருஷம் முட்டைக்குச் சாயம் போடுவாய்தானே?"
நேரம் முடிந்துவிட்டது.

அதனால் போடுகிறேன்.
வெங்காயத் தோலைக் கிறிஸ்துமஸ் முதல்
தலையணைக்குள் சேர்த்துவைத்தேன்.
வசந்தத்தில் மொத்தமாக வெங்காயம் வாங்கினால்
கடைக்காரன் பெயர் எழுதிக்கொள்வான்.
ராத்திரி முழுக்கத் தலைக்கடியில் சரசரக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் விரல் பார்ப்பார்கள்.
டிலாவுக்கு எட்டு வயசு.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன்,
நானே உரித்து வாயில் வைத்தேன்.
சின்னக் கைதி மாதிரி நின்று மென்றாள்.
"நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்?"
"பீன்ஸ் சூப்."
"இன்னொரு தரம் சொல்லு."
"பீன்ஸ் சூப்."
உயிர்த்த ஆண்டவரை விழுங்கிய வாய்க்கு
பொய் சொல்லப் பழக்குகிறேன்.
இதை யாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய?
தெரியவில்லை. கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

சுவருக்கு அப்பால் ஹய்ரியே.
அவர்கள் பள்ளிவாசல் இப்போது தானியக் கிடங்கு.
டிசம்பரில் அவள் நோன்புக்கு எழும்போது
நானும் விளக்கேற்றினேன், முப்பது நாளும்.
ஒரு வீட்டில் விடியுமுன் வெளிச்சமென்றால் நோன்பு.
இரண்டு வீட்டில் என்றால் தெருவில் ஏதோ வயிற்றுப்போக்கு.
நாங்கள் இதைப் பேசி முடிவு செய்யவில்லை.
இன்றுவரை பேசவும் இல்லை.

நேற்றிரவு கொல்லைக் கதவை நகத்தால் சுரண்டினாள்.
கையில் பித்தளைக் காபி அரவை.
ஒன்றும் கேட்காமல் ஓடுகளை அள்ளிப் போட்டாள்.
நான் உடலைப் பிடித்துக்கொள்ள, அவள் கைப்பிடியைச் சுற்றினாள்.
எலும்பு நொறுங்குகிற சத்தம்,
தெருவுக்கே கேட்டுவிடும் போல.
தவிட்டோடு கலந்து
விடியற்காலையில் தன் கோழிகளுக்கு வைத்தாள்.
ஐந்தும் முண்டியடித்துத் தின்றன,
தங்கள் ஓடுதான் என்று தெரியாமல்.

சுவரிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு கோழியின் அலகில்
அரையாத சிவப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது.
ஹய்ரியே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
முந்தானையில் எச்சில் தொட்டு
அழுத்தித் துடைத்தாள்,
பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளைக்குச் செய்வதுபோல,
மெல்லிய குரலில் திட்டிக்கொண்டே.