நாற்பது அடி கீழே

மே மாதம் வந்துவிட்டது என்றார்கள்.
லாகன் ஆற்றிடம் யாரும் சொல்லவில்லை போலும்.
கரைப் புல்லில் இன்னும் பனிப்பொருக்கு.
மல்மோவிலிருந்து எங்கள் குரு, தர்மிதா, வந்திருந்தார்,
டிக்கிக்குள் அடங்காத ஒலிவக் கோலைக்
கார் ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு.

வெள்ளை உடுப்புக்கு உள்ளே
கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளலாமா என்றேன்.
கூடாதாம்.

என் தம்பி ஸஹ்ரூன் காரைவிட்டு இறங்கவில்லை.
"ஹீட்டர் ஓடுது, நீ போ."

அமாராவில் அவன் வெள்ளித் தட்டான்.
கீறிய கோட்டில் கறுப்பை உருக்கி ஊற்றி
மோதிரத்தின் நகத்தளவு முகத்தில்
ஒரு படகும் ஏழு நாணலும் நிறுத்துவான்.
ஏழும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்,
காற்று எங்கிருந்து என்று நமக்குத் தெரிந்துவிடும்.

பதினோரு நாள் வைத்திருந்தார்கள்.
கடையை விற்றோம், தராசையும் விற்றோம்.
திரும்பி வந்தவனின் விரல்களைத்தான் முதலில் எண்ணினேன்.
பத்தும் இருந்தன.
எண்ண வேண்டியது விரலை அல்ல என்று
ராத்திரி அவன் குளியலறையிலிருந்து வெளியே வராதபோது
தெரிந்தது.

பிறந்தபடியே இருக்க வேண்டும் உடம்பு;
கத்தி பட்டவன் ஆற்றுக்கு ஆகாதவன்
என்பார்கள் எங்களில் சிலர்.
கேட்டு வாங்கியவனா, கட்டிப்போட்டு வெட்டப்பட்டவனா
என்று அவர்களுடைய விதி விசாரிப்பதில்லை.
எங்கள் மாமாவே அவனைத் தண்ணீர் தெளித்து விட்டார்.
தண்ணீரையே உயிர் என்கிற சனத்தில்
அந்தச் சொல் வேறு மாதிரி வலிக்கும்.

விசாரணை அறையில் ஆக்னேத்தா என்றொரு அதிகாரி.
மதம்?
படிவத்தில் ஆறு கட்டங்கள், எதிலும் நாங்கள் இல்லை.
பஸ்ராக்கார மொழிபெயர்ப்பாளன் "சுப்பி" என்று முணுமுணுத்தான்.
முழுகிகள்.
பள்ளிக்கூட வாசலில் கல்லோடு சேர்ந்து வந்த அதே சொல்.
நிரூபிக்க முடியுமா என்றாள் அவள், அன்பாகத்தான்.

மேசையில் ஒரு குவளைத் தண்ணீர்.
நின்ற நீர் செத்த நீர், அம்மா,
ஓடுவது மட்டும்தான் எங்களுக்குச் சாட்சி
என்று சொல்லியிருக்கலாம்.
தாகமாக இருந்தது. குடித்துவிட்டேன்.

"வேறு" என்பதில் டிக் அடித்தாள்.
மூன்று குளிர்காலமாக அந்த "வேறு"
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
யார் யாருடையதோ ரத்தம் அலசுகிறது.

முதல் முழுக்கில், சத்தியமாக,
அரபியில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன்.
தர்மிதாவின் காதில் விழாதது போல ஒரு முகம்.
உள்ளங்கையில் ஆற்றை அள்ளிக் குடிக்கத் தந்தார்.
தலையில் மிர்ட்டில் வளையம்,
பூச்செடிக் கடையில் தொட்டியோடு வாங்கியது,
விலைச்சீட்டின் பசை இன்னும் ஓர் இலையில்.

தலை தூக்கியபோது கண்டேன்.

நாற்பது அடி கீழே, ஆறு வளைகிற இடத்தில்,
தூண்டில்காரர்கள் உட்காரும் பாறையை ஒட்டி,
கால்சட்டையோடு, சாக்ஸோடு,
முழங்காலுக்கு மேல் தண்ணீரில் என் தம்பி.
வெள்ளை உடுப்பு இல்லை. வளையம் இல்லை.
குனிந்து முகத்தில் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான்,
என்னைத் தொட்டுவிட்டுப் போன தண்ணீரை.

நீரடித்து நீர் விலகாது என்கிறார்களே,
அது விதிக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாது.
தர்மிதா பார்த்தார். பார்த்தார், நான் கண்டேன்.
கோலைச் சேற்றில் இன்னும் கொஞ்சம் ஆழ ஊன்றி
முடிந்துபோயிருந்த ஜெபத்தை
முதலிலிருந்து தொடங்கினார்,
வளைவு வரைக்கும் கேட்கிற குரலில்.
எனக்குப் பல் கிட்டிப்போயிருந்தது;
அவரை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் அவன் பேசவில்லை.
சாக்ஸைப் பிழிந்து ஹீட்டர் துவாரத்தின் மேல் விரித்திருந்தான்.
கார் முழுக்க ஆற்று நாற்றம்.
ஜன்னலைத் திறக்கவா என்று கேட்டார் தர்மிதா.
வேண்டாம் என்றோம்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.