பதினோரு உருப்படி

கியோம் தர்வாஸ் செத்தபோது வீட்டில் கணக்கெடுத்தவை:
இரண்டு பொய்முடி, இறைச்சிக்கடைப் பாக்கி,
ஹார்ப்சிகார்டுக்கு எழுதிய பதினோரு உருப்படி.
பிள்ளை இல்லை.

ரோஸ்ஹில்லில் விடாத தூறல்.
காலைச் சுருதி மதியத்துக்கு நிற்பதில்லை.
ஏழாவதில், இடக்கை மேலேறும் இடத்தில்
ஒரு கட்டை ஊமை.
கம்பியைச் சுண்டும் இறகு முறிந்திருந்தது.
பாரீஸிலிருந்து புதிது வர மூன்று வாரமாம்.

செல்லப்பெர்மாள் சந்தைக்குப் பின்னால் போய்
காக்கை இறகொன்று பொறுக்கி வந்தான்.
சவர பிளேடால் சீவிச் செருகினேன்.

ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும்
ஒரே குரல்தான் இந்த வாத்தியத்துக்கு,
கடன்காரனுக்குப் பதில் சொல்கிறவன் மாதிரி.
ஊமைக் கட்டை
கரகரத்துப் பேசியது.

முந்நூறு வருஷமாய் அந்த மனுஷனுக்கு
ஒரு பிடி சோறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.
என் தால்பூரியில் பாதியைப் பிய்த்து
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

மைனாதான் வந்தது.