வெட்டு ஒன்று

மூன்றாவது பலகையும் ஓரத்தில் போனது.
நூற்றிருபது சென்டிமீட்டர் போர்சலின்.
நூற்றுப் பதினேழு வரை சொன்னபடி கேட்டுவிட்டு
கடைசி மூன்றில் நரிவாலாய் வளைந்தது பிளவு.
வெட்டு ஒன்று, துண்டு ஐந்து.

வீகோ நகரம், மேட்டுத் தெரு, லிப்ட் இல்லாத நாலாம் மாடி.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
நான் லேசர் வைத்துப் பார்த்துவிட்டேன்,
கூடம் கோணல்தான்:
இரண்டு மீட்டருக்குப் பதினான்கு மில்லி.
ஆனாலும் தரையில் கிடத்தி வெட்டிய பலகைக்குச்
சுவர் எப்படிப் பொறுப்பாகும்?
பதினோரு வருடத்து ஒற்றைத் தண்டவாளம்,
நடுவில் ஒரு மயிரிழை தொய்வு.
எனக்குத் தெரியும். போன வருடமே தெரியும்.

"மின்சார வாள் வாங்கித் தொலை" என்கிறான் பிரைஸ்
பசையைக் கலக்கியபடி.
வாங்கலாம். தண்ணீர் தெறிக்கும், சேறு படியிறங்கும்.
கீழ் வீட்டில் இரவுப்பணி முடித்த தாதி உறங்குகிறாள்;
முதல் நாளே கதவில் சீட்டு:
மூன்று மணி வரை கருணை காட்டவும். செலா.
கைக்கட்டருக்கு நாக்கு சின்னது.

சனிக்கிழமை, மழை, எவாரிஸ்டோவின் கடை.
கக்கத்தில் உடைந்த பலகையின் பாதி.
அவர் மேசையில் இருப்பது கடைக்குப் பழகிய டைல்,
யார் கேட்டாலும் பிளந்து கொடுக்கும்.

சிவப்புக் கட்டரின் கைப்பிடி சொகுசு.
தண்டவாளத்தின் நடுவே கட்டைவிரலை ஊன்றினேன்,
இறங்கியது. மூடிவைக்கச் சொன்னேன்.
அடுத்தது நாற்பத்தைந்து பாகை என்று காட்டிய இடத்தில்
என் பையிலிருந்த மட்டம் நாற்பத்துநாலரை என்றது.
பிறகு, இரட்டைத் தண்டவாளம்.
பேரிங்கில் ஓடும் வண்டி, தள்ளினால் மூச்சுச் சத்தம் மட்டும்.
பலகையைத் தாங்க இருபக்கமும் ரப்பர் படுக்கை.
இருபத்தாறு கிலோ.
மனசுக்குள் நாலு மாடி ஏறிப் பார்த்தேன்.
அறுநூற்று எண்பது யூரோ.
அதையும் ஏறிப் பார்த்தேன்,
அது ஏழாம் மாடி.

என் பலகையைக் கிடத்தினேன். கீறினேன். அழுத்தினேன்.
ஓரத்தில் ஒரு பல் பறந்து
எவாரிஸ்டோவின் காபிக் கோப்பையில் விழுந்தது,
ணங்.

குனிந்து பார்த்தேன்.
ஒன்றல்ல, இரண்டு கீறல்;
ஒன்றின்மேல் ஒன்று ஏறி
இடையில் மாவு மாவாய் வெள்ளை.
பழையது முதல் போக்கில் பாதிதான் கேட்கும்.
அதற்காகவே பதினோரு வருடமாய்
என் தோள் இன்னொரு முறை போய்வரும்.
அதைத்தான் தொழில் என்று
நினைத்துக்கொண்டிருந்தது கை.

மிச்சமிருந்த துண்டு.
சக்கரம் ஓரத்தைத் தொட்டதும் தள்ளினேன்,
சர்ர்ரென்று
புதுத் துணி கிழிகிற மாதிரி ஒரே போக்கு.
நடுவில் மெலியவில்லை.
தோள் எழுந்தது திரும்பிப் போக.
உட்கார் என்றேன்.
கைப்பிடியை இறக்கினேன்.
டக்.

எவாரிஸ்டோ வேறு காபி எடுக்கப் போயிருந்தார்.
யாரும் பார்க்கவில்லை.

பாதிப் பணம் அன்று, மீதி குளியலறைக்குக் காசு வந்ததும்.
கரடான முகத்துக்கென்று பத்து மில்லி சக்கரம் ஒன்று
சேர்த்துப் போடச் சொன்னேன்;
கோப்பை கறைபட்டதைச் சொல்லி
அதற்கும் விலை போட்டார்.

திங்கட்கிழமை நானும் பிரைஸும்
பிரேதம் போல் அதைத் தூக்கி ஏறினோம்.
மூன்றேகாலுக்குச் செலா தலை நீட்டினாள்:
"இன்று வேலை இல்லையா?"
"பத்தொன்பது பலகை" என்றேன்.
நம்பாமல் பார்த்தாள்.

பழையதை வாங்க ஒரு ரசாயன ஆசிரியர் வந்தார்,
சொந்தச் சமையலறைக்காம். முப்பத்தைந்து யூரோ.
பசை மூட்டையின் காகிதத்தைக் கிழித்து
எழுதிக் கொடுத்தேன்:

அறுபது சென்டிமீட்டர் வரை நம்பலாம்.
இடது பக்கம் ஒரு மில்லி பொய் சொல்லும்.
இரண்டு முறை கீறவும்.