பதினான்காம் பத்தி

தீர்ப்பின் பதினான்காம் பத்தியில் நான் வருகிறேன்.
பெயர் இல்லை.
'எந்த மொழியில் விளக்கப்பட்டது என்று பதிவேட்டில் குறிப்பில்லை':
குறிக்காமல் விட்ட கை என்னுடையது.

அன்றைக்குக் கிட்டாலே கோர்ட்டில் இருபத்தொரு வழக்கு.
மாஜிஸ்திரேட்டுக்குப் பல்வலி.
துர்க்கானா மொழி எனக்குச் சந்தை மட்டத்துக்குத் தெரியும்:
என்ன விலை, குறைத்துக் கொடு, நாளைக்கு வா.
இது போதும் என்றார்கள்.
குமாஸ்தா வேலையில் போதாது என்று யார் சொல்வார்?

லோப்பெயோக் நெடுநேரம் பேசினான்.
குனிந்தான்,
சிமெண்டுத் தரையில் விரலால் ஏதோ வரைந்தான்,
காவலர் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினார்.
தொலைந்த இரண்டு ஆட்டின் குளம்படி பார்த்துப் பார்த்து
அந்தக் கடைப் பக்கம் வந்தேன்
என்றிருக்கிறான்.
நான் எழுந்து சொன்னேன்:
"கடைக்குப் போனதை ஒப்புக்கொள்கிறார், ஐயா."

மற்றதெல்லாம் இவ்வளவுதான்:
நிலவில்லாத இரவு. ஒரே ஒரு டார்ச்.
அதுவும் திருடன் கையில்,
கடைக்காரர் சிமியுவின் கண்ணுக்குள் அடித்தபடி.
கூசிய அந்தக் கண்தான் சாட்சி.
அடையாள அணிவகுப்பு நடக்கவில்லை,
விலங்கிட்ட ஒருவனை மட்டும் கூட்டிவந்து
"இவன்தானே?" என்றார்கள்.
அப்புறம் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு போர்வை.
சந்தை நாளில் மூன்று தோளுக்கு ஒரு தோளில் அதுதான் கிடக்கும்.

பதினான்கு ஆண்டு.

ஐந்து கழிந்தபின் மேல்முறையீடு.
லோட்வாரிலிருந்து நாகிரு என்றொரு பெண் வந்தாள்.
அவன் இருமினால் காத்திருந்தாள்,
சொன்னதையே அவன் திரும்பச் சொன்னால்
அவளும் திரும்பச் சொன்னாள்.
குளம்படி என்ற சொல்
அந்தக் கூரைக்குக் கீழே முதல்முறையாக ஒலித்தது.
கடைசி பெஞ்சில்
கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

நீதிபதி ஜெப்கொரிர் தலை நிமிராமல் வாசித்தார்.
'தனக்குப் புரியாத விசாரணையில் ஒருவர்
உடலால் மட்டுமே ஆஜராகியிருக்கிறார்.'
தண்டனை ரத்து. பதினோரு நிமிடம் ஆயிற்று.

எனக்கு மெமோ வரவில்லை,
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அன்று மதியமும் சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

நடைவழியில் அவன் நின்றிருந்தான்,
பெல்ட்டும் நூற்று நாற்பது ஷில்லிங்கும் இருந்த காகிதப் பையோடு.
சான்றுப்பொருள் இரண்டு, அந்தப் போர்வையை,
கரையான் தின்றுவிட்டதாம்.
என்னைத் தெரியவில்லை அவனுக்கு.
சிறையில் கற்ற சுவாஹிலியில்,
என்னுடையதைவிடச் சுத்தமான சுவாஹிலியில், கேட்டான்:
"அண்ணா, கழிவறை எந்தப் பக்கம்?"

இடது என்பதற்கு
மூன்று மொழியில் எனக்குச் சொல் உண்டு.
கையைத்தான் காட்டினேன்.