நானூற்றுப் பதினேழாவது சுற்று

கண்ணாடிமேல் டங்ஸ்டன் ஆக்சைடு,
முந்நூறு நானோமீட்டர்.
ஒரு வோல்ட் கொடுத்தால் நீலம்,
திருப்பி வாங்கினால் வெறுங்கண்ணாடி.

டர்பன். வெஸ்ட்வில் மேட்டில் எங்கள் ஆய்வகம்.
பிப்ரவரியில் சுவரே வியர்க்கிறது.
மேசைமேல் மூன்று குப்பிகள்.

ஒன்றில் கந்தக அமிலம்.
புரோட்டான்கள் பந்திக்கு முந்துகிறவர்கள்;
இரண்டே வினாடியில் கருநீலம்.
சித்தெம்பிலே கைதட்டினாள்.
முந்நூறாம் சுற்றில் ஓரம் அரித்தது,
நானூறில் ஊசிமுனை ஓட்டைகள்.
கைதட்டியவள்தான் படம் எடுத்து வைத்தாள்.

அடுத்ததில் லித்தியம் உப்பு,
எண்ணெய்போல் வழுக்கும் கரைப்பானில்.
பதினொரு வினாடி எடுக்கும்,
அதற்குள் ஒரு கொட்டாவி விடலாம்.
ஆனால் நானூற்றுப் பதினாறு முறை
அதே நீலம், அதே வெளுப்பு.
நூற்றில் மூன்று பங்கு மட்டும்
உள்ளே போனது திரும்பவில்லை.
"சிக்கிய அயனிகள்" என்று குறித்துக்
கீழே கையெழுத்துப் போட்டேன்: மூன்சாமி.
முனுசாமி என்றுதான் சொல்லியிருப்பார்,
கப்பல் எழுத்தர் காதில் விழுந்தது இவ்வளவு.
ஐந்து வருட ஒப்பந்தம் என்றார்களாம்.

மூன்றாவது சித்தெம்பிலேயின் குறும்பு:
உம்லங்கா கடற்கரையில்
அமாசி புட்டியில் மொண்டுவந்த கடல்நீர்.
"இதிலும் உப்பிருக்கே, டாக்டர்."
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்;
எந்த உப்பு என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.
சோடியம் பருமன், வாசலில் தோள் இடித்து நின்றது.
சாம்பல் பூத்த ஒரு நீலம் வந்தமாதிரி இருந்தது.
அப்புறம் படலமே இல்லை,
சொல்லாமல் கொள்ளாமல் கரைந்திருந்தது.

எட்டு மணிக்கு மின்வெட்டு.
அட்டவணையில் இருந்ததுதான், நான்தான் மறந்தேன்.
கருவி ஒரு விக்கல் விக்கி அணைந்தது,
லித்தியம் படலம் முழு நீலத்தில் நிற்கையில்.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.

கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தோம்.
நீலம் அப்படியே இருந்தது.
நிறத்தைப் பிடித்துவைக்க மின்சாரம் வேண்டாம் அதற்கு;
பாடநூலில் உள்ளதுதான்,
வருடாவருடம் வகுப்பில் சொல்கிறேன்.
இருட்டில் பார்த்ததில்லை.

எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல்கள் எல்லாம் கறுப்பு.
எங்கோ ஒரு நாய், எங்கோ ஒரு அலாரம்.
குப்பி சூடாக இருக்கிறதா என்று
காரணமில்லாமல் தொட்டுப் பார்த்தேன்.

பத்தரைக்கு விளக்கு வந்தது.
நான்கு சதவீதம் வெளிறியிருந்தது.
சித்தெம்பிலே பேனா மூடியைக் கடித்தபடி கேட்டாள்:
"இந்தச் சுற்றை எண்ணுவதா, விடுவதா?"