விளக்கக் கடிதம்

மேலாளர் அவர்களுக்கு,
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் தடம், இரவுப் பணி,
சி. நாகவேணி எழுதுவது.

நேற்றிரவு இரண்டு பதினான்குக்கு
மாங்காய் லாரி ஒன்றுக்கு
ஏழிலும் எட்டிலும் ஒரே நொடியில்
கட்டணம் பிடித்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.
எட்டாம் தடத்து ரீடர்
பக்கத்துத் தடத்து ஸ்டிக்கரையும் எட்டிப் படித்துவிட்டது.
இன்று காலை திம்மராஜ் அதன் முகத்தைத் திருப்பி வைத்தார்.

கடிதம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.
தாளில் முக்கால்வாசி வெள்ளையாக இருக்கிறது.
விடிய இன்னும் நேரம் இருக்கிறது.
நான் இயற்பியல் படித்தவள். ஒரே ஒரு அரியர்,
குவாண்டம் இயக்கவியல், முப்பத்தெட்டு மதிப்பெண்.

எலக்ட்ரான் மேல் இந்தப் புகார் வந்திருந்தால்
வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஒரு தகடு, அதில் இரண்டு கீறல், பின்னால் திரை.
ஒன்று போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது,
நம் சாவடியில் ஒருநாளும் நடக்காத ஒழுங்கு.
ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளி.
அரைப்புள்ளி கிடையாது.
முதல் பத்து
சூளகிரி ரோட்டில் கோடைமழையின் முதல் துளிகள் மாதிரி
கண்டபடி விழும்.
பத்தாயிரம் விழுந்தபின் பார்த்தால்
கோடு போட்ட பெட்ஷீட்.
ஒரு வெளிச்ச வரி, ஒரு இருட்டு வரி.

அந்த இருட்டு வரியில்தான் என் மார்க் போனது.
ஒரு கீறலை அடைத்தால் அங்கே எலக்ட்ரான் விழுகிறது.
இரண்டையும் திறந்தால் விழுவதில்லை.
இன்னொரு தடத்தைத் திறந்துவிட்டு
வண்டி வராமல் போனதை
நீங்கள் பார்த்ததுண்டா, சார்?
தனியாக வந்த ஒன்றுக்கு
மறு கதவு திறந்திருப்பது எப்படித் தெரியும்?

பரீட்சையில் 'அலை' என்று எழுதிவிட்டு எழுந்து வந்தேன்.
இப்போது இப்படி எழுதுவேன்:
போகக்கூடிய வழிகள் எல்லாம் கணக்கில் சேரும்,
சேரும்போது மைனஸும் வரும்,
அடித்துக் கழித்து மிச்சமில்லாத இடம் இருட்டு.
இரண்டு மார்க் தாராளமாகக் கிடைத்திருக்கும்.

கேமரா விஷயம் இன்னும் மோசம்.
கீறல் ஓரத்தில் ஒன்றை வைத்து
எந்த வழி என்று குறித்துக்கொண்டால்
வரிகள் அழிந்துபோகும்.
ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.
தடயம் எங்கோ ஓரிடத்தில் பதிந்தாலே போதும்,
யாரும் புரட்டாத நம் லாக்புக் மாதிரி.

லாரிக்கு ஏன் இப்படி நடப்பதில்லை என்று
திம்மராஜ் ஏணி மேல் நின்று கேட்டார்,
பழைய சோடியம் விளக்கைக் கழற்றிக்கொண்டே.
லாரி ஒரு நொடிகூடத் தனியாக இல்லை, என்றேன்.
காற்று மோதிப் போகிறது.
வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது.
பெங்களூரா மாங்காய் வாசனை
போகிற தடத்தைச் சொல்லிக்கொண்டே போகிறது.
இத்தனை சாட்சி இருந்தால்
எப்படி இரண்டு வழியில் போக முடியும்?
அவர் சிரிக்கவில்லை.
"என் வீட்டிலும் அதே நிலைமைதான்" என்றார்.

அவர் கையிலிருந்த விளக்கின் மஞ்சள்,
அதையும் எழுதிவிடுகிறேன்.
சோடியத்துக்குள் எலக்ட்ரான் ஒரு படி இறங்கும்போது
கைவிடுவது அந்த நிறம்.
தொப்பூர் இறக்கத்தில் மாதிரி
பிரேக்கை மிதித்துக்கொண்டே வழுக்கி வர முடியாது.
மேல்படி, அல்லது கீழ்ப்படி.
நடுவில் நிற்க இடமே இல்லை.
பத்து வருடம் அந்த வெளிச்சத்தில் சில்லறை எண்ணினேன்.
இனி வெள்ளை எல்.ஈ.டி.
அதற்குள்ளும் படி இருக்கிறது, வேறு உயரம்.

இரண்டாம் கட்டணத்தை லாரிக்காரருக்குத் திருப்பிவிடவும்.
வண்டி ஏழில்தான் போனது, கேமராவில் இருக்கிறது.
கேமரா இல்லாவிட்டாலும்
அது ஏழில்தான் போயிருக்கும்.

நவம்பர் பதினாலு எனக்கு விடுப்பு வேண்டும்.
தேர்வு மையம் தர்மபுரி.
முதல் பஸ் ஐந்தரைக்கு,
பதிமூன்றாம் தேதி இரவு ஷிஃப்டும் போட்டுவிடாதீர்கள்.