ஒன்பது புள்ளி

பாளை தெற்கு பஜாரில்
ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே
ஆறடிக்கு எட்டடி என் கடை.
பலகையில் அப்பா பெயர்.
ஸ்குரூ கழற்றுவது நான்.

பதினொரு வருஷமாய்
ஊரின் உள்பைகளைத் திறந்து மூடுகிறேன்.
"பேட்டர்ன் இதுதாம்மா" என்று காற்றில் வரைந்துகாட்டிவிட்டு
டீ குடிக்கப் போய்விடுவார்கள்.
டிஸ்பிளே மாற்றியதும் ஒருமுறை ஒளிரவிட்டுப் பார்க்கவேண்டும்.
அந்த நொடியில் வந்து விழும்
ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ அனுப்பிய முத்தம்,
மூடாமல் விட்ட ரத்த ரிப்போர்ட்,
சம்பந்தம் பேசி முடித்த வீட்டுப் பிள்ளையைக்
கடன் ஆப் மிரட்டும் மிரட்டல்.
பார்த்ததை மேசையிலேயே விட்டுவிட்டுத்தான்
மத்தியானச் சோத்துக்குப் போவேன்.
பெருந்தன்மை இல்லை. கை கழுவுகிற மாதிரி ஒரு பழக்கம்.

முக்கூடல் செல்லக்கிளி அக்காவின் விரலை
எந்தப் போனும் ஒப்புக்கொள்வதில்லை.
முப்பது வருஷப் பீடியிலை ரேகையைத் தின்றுவிட்டது.
"எக்கா, ஒங்கள எவனும் கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.
"ரேஷன் கடக்காரனும் அதத்தான் சொல்லுதான்" என்றாள்.
சிரிக்கத் திறந்த வாயை
அப்படியே மூடிக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு செவ்வாய்.
கரண்ட் இல்லாத மூன்று மணி.
முதுகெல்லாம் வேர்வை ஊறிய காக்கிச் சட்டைக்காரர்
ஒரு போனை மேசைமேல் வைத்தார்.
வண்ணாரப்பேட்டை வண்டிச் சோதனையில்
ஒரு பையனிடம் வாங்கியதாம்.
மூலையில் விரிசல். பின்னால் கபடி டீம் ஸ்டிக்கர், பாதி உரிந்தது.
"தொறந்து குடும்மா. அஞ்சு நிமிஷ வேலதான?"

"பையன் எங்க சார்?"
"அவன் கெடக்கான்."
"எழுத்துல தாள் எதுவும் உண்டா சார்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.
வாசலில் மாட்டிய கேமராவைப் பார்த்தார்.
போன வருஷம் ஸ்டேஷனில் கூப்பிட்டுச் சொல்லி
என் காசில் நான் வாங்கி மாட்டியது.
"நீ யார்கிட்ட என்ன பேசுதன்னு
எல்லாம் அதுல இருக்கும்லா" என்றார்.
அதட்டல் இல்லை.
வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

தெரு வெளிச்சத்துக்குப் போனைச் சாய்த்தேன்.
கண்ணாடியில் விரலெண்ணெய்.
ஒன்பது புள்ளிகளுக்கு மேல்
நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை.
ஒரு தமிழ் எழுத்து அது.
யார் பெயரின் முதலெழுத்தோ.
அம்மாவாக இருக்கலாம்,
பஸ்ஸில் முன்சீட்டில் வரும் பெண்ணாக இருக்கலாம்,
நாயாகக்கூட இருக்கலாம்.

ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். பஞ்சு எடுத்தேன்.
மேலிருந்து கீழ், பிறகு குறுக்கே,
எவர் கண்ணாடியையும் துடைக்கிற மாதிரி.
"என்ன செய்யுத?"
"அழுக்கா இருந்துச்சு சார்.
இது நம்மால ஆவாது."

கை நடுங்கவில்லை என்று எழுத ஆசை.
நடுங்கியது. பஞ்சு கீழே விழுந்தது.
அவர் போனை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார்.
அங்கே கேபிளும் அதற்கான மென்பொருளும் வைத்திருக்கிறார்கள்.
திறந்திருப்பார்கள்.
திறக்காமலும் இருந்திருக்கலாம்.
பையன் வந்தால் கேட்கலாம். வரவில்லை.

நாலேகாலுக்குக் கரண்ட் வந்தது.
கேமராவின் சிவப்புப் பொட்டு அப்போதுதான் கண்விழித்தது.
இன்வெர்ட்டர் வைக்க எனக்கு வசதி இல்லை.
அவர் அண்ணாந்து பார்த்தபோது
அது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.
ரெண்டு பேருமே அதற்குப் பயந்து பேசியிருக்கிறோம்.

துடைத்த கண்ணாடியில் இல்லாத எழுத்து
என்னிடம் இருக்கிறது.
சில ராத்திரி என் கட்டைவிரல் தானாகப்
போர்வைமேல் அதை வரைந்து பார்க்கிறது.
மேசையில் விட்டுவர முடியாமல் போனது
அது ஒன்றுதான்.

என்ன எழுத்து என்று
இங்கே சொல்லப்போவதில்லை.